ஊருக்குள்ளயா, தம்பி?

வெளிநாடு போய்வந்து தமிழில் எழுதியவர்களுக்குப் பஞ்சமில்லை. எம்.ஏ. தமிழ் படிக்கும்போது பயண இலக்கியம் என்று ஏ.கே. செட்டியார், சோமலெ, மணியன் பெயர்களை மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். லண்டன் என்றால் தேம்ஸ் நதி, மணிக்கூண்டு, அருங்காட்சியகம், குளிர், அப்புறம் நல்ல காப்பி கிடைக்காத கஷ்டம். நான் படித்த வரையில் அந்த ஊரில் கக்கூஸ் கழுவுகிறவர் யார் என்று ஒருத்தரும் எழுதவில்லை. அதைப் பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருந்திருக்காது. எனக்கு இருந்தது. என் அம்மா எங்கள் ஊருக்குப் பக்கத்து நகராட்சியில் இருபத்தெட்டு வருஷம் தெருக் கூட்டியவர். சேரியிலிருந்து விடிகாலை முதல் பஸ்ஸில் போய், வெயில் ஏறித் திரும்புவார். துப்புரவுப் பணியாளர் என்ற பெயரை 2020இல் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். அம்மா அதற்குள் ஓய்வுபெற்றுவிட்டார். 'பேர மாத்துனாங்க சரி, தொடப்பத்த மாத்துனாங்களா?' என்று கேட்டார். இந்தக் கேள்வியோடுதான் நான் லண்டனைப் பார்த்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் துணைவி செவிலியர். ஆங்கிலத் தேர்வும் செவிலியர் தேர்வும் எழுதித் தேறியதில் கிழக்கு லண்டனில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. 2025 ஜனவரியில் அவரைச் சார்ந்தவன் என்ற விசாவில் நானும் போனேன். 'பொண்டாட்டி சம்பளத்துல லண்டன் போறான்' என்று ஊர்த்தெருவிலும் பேசினார்கள், சேரியிலும் பேசினார்கள். இந்த ஒரு விஷயத்திலாவது இரண்டு தெருவும் ஒன்றாகப் பேசுகிறதே என்று சிரித்துக்கொண்டேன். போய் இறங்கிய வாரம் சாயங்காலம் நாலேகாலுக்கே இருட்டிவிடும். மேனர் பார்க், ஈஸ்ட் ஹாம் பக்கம் ஜாகை தேடினோம். அங்கே கடைப் பலகைகள் தமிழில் இருக்கும். கறிவேப்பிலை கிடைக்கும். முருகன் கோயில் இருக்கிறது, மகாலட்சுமி கோயில் இருக்கிறது. ஈழத் தமிழர்களும் தமிழ்நாட்டுக்காரர்களும் நெருக்கி அடித்து வாழும் பகுதி.

முதல் நாட்களில் என்னை அலைக்கழித்தது என் உடம்புதான். கடையில் கியூ நின்றால் தானாக ஒரு எட்டு பின்னால் தள்ளி நிற்கும். யார் முதலில் வந்தாரோ அவருக்கு முதலில் என்பது அந்த ஊர் நியாயம். ஒரு கிழவி என் முதுகைத் தட்டி, நீதானே முன்னால் வந்தாய், போ என்று கை காட்டினாள். டீக்கடையில் கப்பை வாங்கியதும் அதை எங்கே வைக்க வேண்டும் என்று கண் தேடும். குடித்த கப்பை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள் எல்லோரும். எங்கள் ஊரில் என் அப்பா காலத்தில் சிரட்டை, என் பால்யத்தில் தனி கிளாஸ், அப்புறம் பிளாஸ்டிக் கப் வந்தது. பிளாஸ்டிக் கப் வந்ததும் தனி கிளாஸ் ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. எங்களுக்கு மட்டும் பிளாஸ்டிக், ஊர்க்காரனுக்குக் கண்ணாடி கிளாஸ் என்று இருந்ததை அப்புறம்தான் கவனித்தார்கள். மிச்சக் காசை மேலேயிருந்து உள்ளங்கையில் போடுகிற கடைக்காரனைப் பார்த்தே வளர்ந்தவன் நான். லண்டனில் காசே இல்லை. அட்டையை மெஷினில் தட்டினால் போதும். தொட்டுக் கொடுக்கிறானா தொடாமல் போடுகிறானா என்று பார்க்கவே வழியில்லாமல் போய்விட்டது!

பஸ்ஸில் ஒருநாள் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. நிற்கிறவர்கள் நின்றுகொண்டே வந்தார்கள். கறுப்பு நிறத்துக்காகவா, இல்லை யாரையும் ஒட்டி உட்காராத இவர்கள் பழக்கமா? எனக்குப் பிடிபடவில்லை. ஊரில் என்றால் ஒரு நொடியில் தெரியும். எதற்காக ஒதுக்குகிறான் என்றுகூடத் தெரியாத இடத்தில் இருப்பதும் ஒருவகைத் தவிப்புத்தான். அந்த நகரத்தில் நிறவெறி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடம் எரிந்து 72 பேர் செத்தார்கள். பணக்காரப் பகுதிக்கு நடுவில் ஏழைகளும் குடியேறியவர்களும் இருந்த கட்டடம் அது. 2025 செப்டம்பர் 13 அன்று குடியேறிகளுக்கு எதிராக ஒரு லட்சம் பேருக்கு மேல் மத்திய லண்டனில் கூடினார்கள். அன்று எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அதெல்லாம் இருக்கிறது. ஆனால் நிறத்தால் ஒதுக்குகிறவன் என் முகத்தைப் பார்த்தவுடன் ஒதுக்கிவிடுகிறான். கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. கேள்வி கேட்கிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களை நான் வீடு தேடிப் போன இடத்தில் சந்தித்தேன்.

தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் தன் வீட்டு மாடி அறையை வாடகைக்கு விடுவதாகச் சொன்னார்கள். தமிழ் முகத்தைப் பார்த்ததும் எங்களுக்கும் ஆசுவாசமாக இருந்தது. காப்பி கொடுத்தார்கள். சொந்த ஊர் எது? அதில் எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்ணினார்? குலதெய்வம் எது? எல்லாவற்றுக்கும் துணைவி பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியாக வீட்டு அம்மா, 'நீங்க கறி சாப்பிடுவீங்கள்ல, என்ன கறி சாப்பிடுவீங்க?' என்றார். எல்லாம் சாப்பிடுவோம் என்றார் துணைவி. 'எங்க வீட்ல சாமி இருக்கும்மா' என்று பதில் வந்தது. மறுநாள் அறை வேறு யாருக்கோ போய்விட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. ரெண்டு மாசம் கழித்தும் அந்த அறைக்கு ஆள் தேடும் சீட்டு தமிழ்க் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்துக்காரனின் ஞாயிற்றுக்கிழமை விருந்தே சுட்ட மாட்டுக்கறிதான். சூப்பர் மார்க்கெட்டில் வெளிச்சம் போட்டு அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் இருட்டினப்புறம் பையில் சுற்றி, ஊர்த்தெருவைச் சுற்றிக்கொண்டு எடுத்துவந்த கறியை நான் பட்டப்பகலில் கூடையில் போட்டுக்கொண்டு, காசு கொடுக்கும் இடத்தில் தலை நிமிர்ந்து நின்றேன். என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சாமி வீட்டு அம்மாவும் அதே சூப்பர் மார்க்கெட்டில்தான் பால் வாங்குகிறார். வெள்ளைக்காரன் தின்றால் அது நாகரிகம், நான் தின்றால் தீட்டு.

அம்பேத்கர் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்து வேலைக்குத் திரும்பியபோது தங்க இடமில்லாமல் அலைந்ததை எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் இருந்த வருஷங்கள் தீண்டப்படாதவன் என்ற நினைப்பையே அவருக்கு மறக்கடித்திருந்தன. பரோடா ரயில் நிலையத்தில் இறங்கிய பிறகுதான் எங்கே போய்த் தங்குவது என்ற கேள்வி எழுந்து, அந்த நினைப்பு திரும்பி வருகிறது. அன்றைக்கு அது பரோடாவில் காத்திருந்தது. இப்போது விமானம் ஏறி லண்டனுக்கே வந்து, நமக்கு முன்னால் வீடு வாங்கி உட்கார்ந்திருக்கிறது. எங்களுக்குக் கடைசியில் அறை கொடுத்தவர் வங்காளதேசத்துப் பெரியவர். அவர் கேட்டது பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு, ஒரு மாத முன்பணம். அறைக்குள் சிகரெட் பிடிக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

எம்.ஏ. தமிழை வைத்துக்கொண்டு லண்டனில் என்ன வேலை கிடைக்கும்? ஒரு துப்புரவு ஒப்பந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். பேங்க் என்ற பகுதியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், விடியற்காலை 5 மணி முதல் 9 மணி வரை வேலை. அலுவலகக்காரர்கள் வந்து உட்காருமுன் நாங்கள் துடைத்துவிட்டுக் கண்ணில் படாமல் போய்விட வேண்டும். இரவு பகலாக ஓடும் 25ஆம் எண் பஸ்ஸில் 4 மணிக்கு ஏறுவேன். அந்த நேரத்திலும் சீட் கிடைக்காது. ஆப்பிரிக்கர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், வங்காளிகள், நம்மவர்கள். எல்லோர் மடியிலும் ஒரு பை, பாதி பேர் தூக்கத்தில். லண்டனை எழுப்பிவிடுகிறவர்கள் தூங்கிக்கொண்டே போகும் பஸ் அது. அம்மாவின் முதல் பஸ்ஸும் இப்படித்தான் இருக்கும். ஆனால் அம்மாவின் பஸ்ஸில் ஏறிய துப்புரவுக்காரர்கள் அத்தனை பேரும் சேரிக்காரர்கள். இந்த பஸ்ஸில் யார் எந்தத் தெருவில் பிறந்தவர் என்று ஒருவருக்கும் தெரியாது, தெரிந்தும் பயனில்லை.

முதல் நாள் சூப்பர்வைசர் பொருள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாடம் எடுத்தாள். சிவப்பு மாப், சிவப்புத் துணி, சிவப்பு வாளி கக்கூஸுக்கு. பச்சை சமையல் இடத்துக்கு. நீலம் மேஜை நாற்காலிக்கும் நடைக்கும். சிவப்புத் துணியைப் பச்சை இடத்தில் பட விட்டால் வேலை போய்விடும் என்று விரலை ஆட்டினாள். கேட்டுக்கொண்டே நின்ற எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை கறாரான தீட்டை நான் எங்கள் ஊர் கோயில் வாசலில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கே தீட்டு துணிக்கு. துணியைப் பிடிக்கிற கைக்கு இல்லை. சிவப்பு மாப்பை அலசி மாட்டி, கையுறையைக் கழற்றி எறிந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் முடிந்தது. அதே கையால் அதே அறையில் எல்லோரும் ஒரே டப்பாவிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தின்றோம். அழுக்கு என்பது கழுவினால் போகிற ஒன்று என்ற சாதாரண உண்மையை நான் முப்பது வயதுக்கு மேல் கடல் தாண்டிப் போய் என் கையால் செய்து பார்க்க வேண்டியிருந்தது.

அம்மாவிடம் ஃபோனில் சொல்ல ஒரு வாரம் தயங்கினேன். தொடப்பக்கட்டையை நீ தொடக் கூடாது என்றுதானே என்னைப் படிக்க வைத்தார். பரீட்சைக்குப் பணம் கட்ட வட்டிக்கு வாங்கியவர். நான் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்.

'கைக்கு உற குடுத்தானா?'

'குடுத்தாங்கம்மா. கிழிஞ்சா வேற தர்றாங்க.'

'காலுக்கு?'

'பூட்சு.'

'அங்க வேல செய்யறவங்க குடிக்கிற கப்புலயே உனுக்கும் டீ தராங்களா?'

'ஒரே கப்புதாம்மா. நம்மளே போட்டுக் குடிக்கலாம்.'

'அப்ப அது வேலதான்டா. செய்யி' என்றார்.

அப்ப அது வேலைதான் என்றால், இருபத்தெட்டு வருஷம் அவர் செய்தது என்ன? நான் கேட்கவில்லை. அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் பதில் இருந்தது.

என் பஸ் போகும் வழியில் ஒயிட்சேப்பல் சாலை இருக்கிறது. அந்தச் சாலைக்கு அடியில் போகும் பாதாளச் சாக்கடையில் 2017 செப்டம்பரில் ஒரு பெரிய அடைப்பைக் கண்டுபிடித்தார்கள். ஊரார் ஊற்றிய கொழுப்பும் தூக்கிப் போட்ட ஈரத்தாளும் சேர்ந்து கல்லாக இறுகி, 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. தலை முதல் கால் வரை பாதுகாப்பு உடை போட்ட எட்டுப் பேர் கொண்ட குழு, அழுத்தமான தண்ணீர்க் குழாய்களை வைத்து வாரக்கணக்கில் உடைத்தது. உடைத்ததை லாரி உறிஞ்சிக்கொண்டு போனது. அந்த அடைப்பில் ஒரு துண்டை எடுத்து 2018இல் லண்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மக்களுக்குக் காட்டினார்கள். நம்மூரில் 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2014இல் உச்ச நீதிமன்றம் சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. செத்தால் என்ன விலை என்பதுதான் ஏறிக்கொண்டு போகிறது. நாடாளுமன்றத்தில் வைத்த மரணக் கணக்கில் தமிழ்நாடு முதல் வரிசையில் நிற்கிறது. நம்மிடம் மெஷின் வாங்கப் பணமில்லையா? ராக்கெட் விடுகிற தேசம். உள்ளே இறக்கிவிட ஒரு சாதி இருக்கும்போது மெஷின் எதற்கு என்ற நினைப்புத்தான் காரணம். லண்டனில் அப்படி ஒரு சாதி இல்லாததால் மெஷின் செய்ய வேண்டி வந்தது. நான் பார்த்தவரை இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இதைச் சொல்வதால் அந்த வேலை சொர்க்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸாக இருந்தது. லண்டனில் வயிறு கழுவ 13 பவுண்டு 85 பென்ஸ் வேண்டும் என்று கூலி இயக்கத்துக்காரர்களே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்கள். எங்கள் கம்பெனி சட்டத்தைத் தாண்டி ஒரு பென்ஸ் தரவில்லை. நாங்கள் துடைக்கிற கட்டடத்துக்காரர்களுக்கு நாங்கள் யாரென்று தெரியாது, ஏனென்றால் நாங்கள் ஒப்பந்தக் கம்பெனியின் ஆட்கள். இந்தத் தந்திரம் நமக்குப் புதிதா என்ன?

எங்கள் ஷிஃப்டில் தென்மாவட்டத்துக்காரர் ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பொறியியல் படித்தவர். என்னைக் கண்டதும், 'தமிழா! அப்பாடா, வாய் திறந்து பேச ஒரு ஆளு வந்தாச்சு' என்று கையைப் பிடித்துக்கொண்டார். வேலை முடிந்ததும் தன் எலுமிச்சம்பழச் சோற்றில் பாதியை எனக்குக் கொடுப்பார். மெஷினில் தரை துடைக்கும் வித்தையை எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். நல்ல மனுஷன் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அதுதான் கஷ்டம். ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இவர் 'கட்டட நிர்வாகத்தில்' வேலை செய்கிறார். வீடியோ காலில் யாராவது வந்தால் சீருடைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கட்டடம் தெரிகிற மாதிரி நிற்பார்.

மூன்றாவது வாரம் கேட்டார். 'தம்பிக்கு எந்தப் பக்கம்?'

'விழுப்புரம் பக்கம்ணே.'

'விழுப்புரத்துல எங்க?'

'திண்டிவனம் தாண்டி ஒரு கிராமம்.'

'ஊருக்குள்ளயா, தம்பி?'

எத்தனை மரியாதையான கேள்வி! சாதி என்ற வார்த்தையே இல்லை. ஆனால் ஊருக்குள் என்றால் என்ன, ஊருக்கு வெளியே என்றால் என்ன என்று தமிழ் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். 'இல்லண்ணே, காலனி' என்றேன். 'ஓ' என்றார். 'அதுல என்ன இருக்கு, இங்க வந்து அதெல்லாம் யாரு பாக்குறா' என்று அவராகவே சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அவருக்கு வயிறு சரியில்லை. அதற்கு மறுநாளும் சரியில்லை. அப்புறம் எலுமிச்சம்பழச் சோறு வரவேயில்லை. நான் கொண்டுபோன கருவாட்டுக் குழம்பு டப்பாவைத் திறந்தால் அவர் ஃபோன் பேச வெளியே போய்விடுவார். ஆனால் கக்கூஸ் வரிசையில் இந்தப் பக்கம் ஐந்து அவர், அந்தப் பக்கம் ஐந்து நான். ஒரே சிவப்பு மாப்பை மாற்றி மாற்றிப் பிடிக்கிறோம். ஊரான் மூத்திரம் படும்போது ஒட்டாத தீட்டு என் டப்பா சோற்றில் வந்து அவருக்கு ஒட்டிக்கொள்கிறதாம்!

எங்களோடு வேலை செய்யும் கானா நாட்டு அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். உங்கள் இரண்டு பேருக்கும் என்ன சண்டை என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சாதியைப் பற்றிச் சொன்னேன். அது ரொம்பக் கஷ்டமான மொழிபெயர்ப்பு. அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். 'உன் ஜனங்கள் இந்த வேலையை விட்டுவிட்டால் அது போய்விடுமா?' போகாது என்றேன். என் தாத்தா சாவு மேளம் அடிப்பதை விட்டு அறுபது வருஷம் ஆகிறது. இன்னும் எங்களுக்கு அந்தப் பேர்தான். 'அப்படியானால் அவன் இந்த வேலையைச் செய்கிறானே, அவனுக்கு அந்தப் பேர் வருமா?' வராது என்றேன். 'அப்படியானால் இது வேலையைப் பற்றியதே இல்லை' என்றாள். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். சாதி என்பது வேலையைப் பிரித்துக்கொள்கிற ஏற்பாடு என்ற பசப்பை அம்பேத்கர் 1936லேயே உடைத்துப்போட்டார். அது வேலை செய்கிற மனிதர்களைப் பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி வைப்பது என்றார். நம்மில் பலர் படித்தும் மறந்துபோகிற இந்தப் பாடத்தை அவரைப் படிக்காத ஒரு துப்புரவுக்காரி ரெண்டு கேள்வியில் பிடித்துவிட்டாள்.

மேனர் பார்க்கில் எண்பதை நெருங்கிய யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் பழக்கமானார். அங்கே தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்தவர். 1966 அக்டோபர் 21 அன்று தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தில் இளைஞனாக நடந்தவர். 1968இல் மாவிட்டபுரம் கோயிலில் உள்ளே போகப் போராடிய கதையை நேற்று நடந்தது மாதிரி சொல்வார். என் 'ஊருக்குள்ளயா' கதையைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். 'எங்கடை ஆக்களும் அப்பிடித்தான், தம்பி. எவடம் எண்டு கேப்பினம். ஊரைச் சொன்னா எந்தக் குறிச்சி எண்டு கேப்பினம். ஒருத்தரும் வாய் திறந்து சாதி எண்டு சொல்லாயினம். ஆனா கலியாணம் எண்டு வந்தா இஞ்சயிருந்து ஊருக்கு ஃபோன் போகும்.' குண்டுக்குப் பயந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் விடாமல் கொண்டுவந்த ஒன்று இருக்கிறது என்று சொல்லும்போது மட்டும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 2010இல் பிரிட்டனின் சமத்துவச் சட்டம் வந்தபோது சாதியையும் அதில் சேர்க்க அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்தார்கள். அரசே ஏற்பாடு செய்த ஆய்வு அதே ஆண்டு, வேலையிடத்திலும் சேவைகளிலும் சாதிப் பாகுபாட்டுக்குச் சான்று இருக்கிறது என்றது. 2013இல் சேர்த்தே ஆக வேண்டும் என்று நாடாளுமன்றம் திருத்தியது. ஆதிக்கச் சாதி இந்து அமைப்புகள் கொதித்து எழுந்தன. இங்கே சாதியே இல்லை என்றார்கள், இருக்கிறது என்று சொல்வதே இந்துக்களை அவமதிப்பது என்றார்கள். 2018 ஜூலையில் அரசு பின்வாங்கியது. நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று சொல்லிவிட்டது. அவர்கள் காட்டிய தீர்ப்பு, பீகாரிலிருந்து வீட்டு வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட ஆதிவாசிப் பெண் திர்க்கியின் வழக்கில் வந்தது. மணிக்கு 11 பென்ஸ் கூலியில் வேலை வாங்கப்பட்டு, தரையில் படுக்கவைக்கப்பட்டவர். சாதியும் இனப் பூர்வீகம் என்பதற்குள் வரலாம் என்று 2014 டிசம்பரில் மேல் தீர்ப்பாயம் சொன்னது. 2015இல் அவருக்குச் சேர வேண்டிய கூலி சுமார் 1,84,000 பவுண்டு என்று தீர்ப்பானது. அந்தப் பெண் தனியாளாக நின்று வாங்கியதை, சட்டமாக எழுதி எல்லோருக்கும் கொடுக்க ஒரு அரசாங்கத்துக்கு மனம் வரவில்லை. 'வயிறு சரியில்லை' என்று சொல்கிறவரை எந்தத் தீர்ப்பாயத்தில் நிறுத்துவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் துணைவியும் கிங் ஹென்றிஸ் சாலை 10ஆம் எண் வீட்டுக்குப் போனோம். 1921-22இல் அம்பேத்கர் தங்கிப் படித்த வீடு. மகாராஷ்டிர அரசு 2015இல் வாங்கி நினைவகமாக்கியது. குடியிருப்புப் பகுதியில் நினைவகமா என்று அக்கம்பக்கத்தாரும் நகர மன்றமும் எதிர்த்து, 2020இல்தான் முறையான அனுமதி கிடைத்தது. அந்த மனிதருக்குச் செத்த பிறகும் வீட்டுப் பிரச்சினை தீரவில்லை. 1930இல் வட்டமேஜை மாநாட்டுக்கு அவரோடு லண்டனுக்கு வந்தவர் ரெட்டமலை சீனிவாசன். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம். செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் நம் கதையைச் சொல்ல அந்தக் காலத்திலேயே ஒருவர் கப்பல் ஏறிப் போயிருக்கிறார். எம்.ஏ. தமிழில் எனக்கு அவரைப் பற்றி ஒரு வரி சொல்லித்தந்தவர்கள் இல்லை.

அம்பேத்கர் படித்த லண்டன் பொருளாதாரப் பள்ளி என் பஸ் போய்ச் சேரும் இடத்திலிருந்து நடக்கும் தூரம்தான். உள்ளே அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. நான் அந்தத் தெருவில் நின்று நினைத்தது வேறொன்றை. அங்கே துப்புரவு வேலை செய்தவர்கள் ஒப்பந்தக் கம்பெனியின் ஆட்களாக இருந்தார்கள். பெரும்பாலும் குடியேறியவர்கள், கறுப்பர்கள். பள்ளியின் ஊழியருக்கு உள்ள விடுப்பும் ஓய்வூதியமும் எங்களுக்கும் வேண்டும் என்று 2017இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாணவர்களும் பக்கத்தில் நின்றார்கள். கடைசியில் ஒப்பந்தத்தை ஒழித்துத் தன் ஊழியர்களாகவே எடுத்துக்கொள்ளப் பள்ளி சம்மதித்தது.

2025 ஆகஸ்ட் 13 சாயங்காலம் ஏழரை மணிக்கு, துணைவி வேலையிலிருந்து திரும்பும் நேரம், நான் ஃபோனில் சென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நள்ளிரவு. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியார் கம்பெனிக்கு விட்டதை எதிர்த்து, ரிப்பன் மாளிகைக்கு முன் 13 நாள் உட்கார்ந்திருந்தவர்களை, நீதிமன்ற உத்தரவு என்று சொல்லிப் போலீஸ் தூக்கிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் பெண்கள். என் அம்மா வயது, அம்மாவின் அதே குரல். சமூக நீதி பேசும் மாநிலத்தின் தலைநகரத்தில் அவர்கள் கேட்டதும், அம்பேத்கர் படித்த பள்ளியில் துப்புரவுக்காரர்கள் கேட்டதும் ஒன்றேதான். நாங்கள் உங்கள் வேலையைச் செய்கிறோம், எங்களை உங்கள் ஆள் என்று ஒத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒத்துக்கொண்டார்கள். இங்கே வேனில் ஏற்றினார்கள். சென்னையில் இருந்தவர்களுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. வேலை நிரந்தரமானாலும், சம்பளம் உயர்ந்தாலும், வீட்டுக்கு வாடகைக்குப் போனால் 'ஊருக்குள்ளயா' என்ற கேள்வி காத்திருக்கும். கூலிக்கும் போராட வேண்டும், கேள்விக்கும் போராட வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்று என்று நமக்கு யாரும் தவணை தரப்போவதில்லை.

அந்தத் தென்மாவட்டத்து அண்ணனை நான் வெறுக்கவில்லை. எங்கள் கட்டடத்தில் சங்கத்தில் சேரக் கையெழுத்து வாங்கினோம். முதலில் மறுத்தவர், கூலி கூடும் என்றதும் போட்டார். அவர் பெயருக்குக் கீழே என் பெயர் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என் கையில் தராமல் மேஜையில் வைத்தார். நான் அதை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.